லிஃப்ட்காரரின் பக்கம்

இடது கைக் கட்டைவிரல் பொத்தானை ஓட்டையின் விளிம்பில் நிறுத்திப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரல் மறுபக்கமிருந்து துணியை இழுக்க வேண்டும். இழுத்தது. பொத்தான் பாதி நுழைந்து, வழுக்கி, வெளியே வந்துவிட்டது. அவர் மூச்சை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். வலது கை மடியில் கிடந்தது.

நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். உதவவில்லை. வீட்டுக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். அவரால் செய்ய முடிவதை நீ செய்யாதே. எவ்வளவு நேரமானாலும் செய்யாதே. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டு எல்லாரும் தலையாட்டுவார்கள். வாசலில் வண்டி வந்து நிற்கும்போது ஒருவரும் கடைப்பிடிப்பதில்லை.

அந்தப் பக்கமாகத் துணிக்கூடையோடு போன அவர் மருமகள் நின்றாள்.

"ஏம்மா, நீங்க போட்டுவிட்டா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"என் கை தேயாது. அவர் கைதான் தேயும்."

"கதவு," என்றார் அவர், பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி மாமா, கதவுதான். போறேன்." அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

பக்கவாதம் அவரிடம் விட்டுவைத்த ஒரே சொல் அது. இது சிலருக்கு நடக்கும். பேச்சு மொத்தமாகப் போய் ஒரு சொல் மட்டும் மிஞ்சும், எதற்கு எடுத்தாலும் அதுதான் வரும். நான் பார்த்துக்கொண்ட ஒரு ஆசிரியைக்கு "புதன்கிழமை" மிஞ்சியது. இவருக்குக் கதவு. தண்ணீர் வேண்டுமென்றாலும் கதவு, தொலைக்காட்சியை அணை என்றாலும் கதவு, வலிக்கிறது என்றாலும் கதவு. சொல்லும் தொனியை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். வந்த ஒரு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது. மற்றபடி அவருக்கு எல்லாம் புரியும். படிப்பார், சிரிப்பார், கோபப்படுவார். உள்ளே இருக்கும் ஆள் முழுசாக இருந்தார். வெளியே வரும் வழிதான் அடைத்துக்கொண்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருந்த காலம் முழுவதும் ஊரிலுள்ள அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், குடியிருப்புகள் எல்லாவற்றின் உச்சியிலும் அடியிலும் அலைந்தவர். உச்சியில் மோட்டார் அறை இருக்கும். அடியில், லிஃப்ட் வந்து நிற்கும் இடத்துக்கும் கீழே, ஒரு குழி இருக்கும். கதவுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் மக்கள் தவறவிடுவதெல்லாம் அந்தக் குழியில் போய்ச் சேரும். சாவி, கம்மல், பேனா, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பல்செட். மாதாமாதம் இறங்கி எண்ணெயைத் துடைக்கும்போது கிடைப்பதையெல்லாம் எடுத்துவந்து, வாசல் மேசையில் வரிசையாக வைத்து, "இது யாருது?" என்று கேட்பது அவர் வழக்கம். மற்ற மெக்கானிக்குகள் குப்பையோடு சேர்த்துப் பெருக்கிவிடுவார்கள்.

மனைவி இறந்த பிறகு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினார். "இரண்டு மாடிக்கு நடுவில்" என்று பெயர். தினமும் காலையில் ஒரு பதிவு. அதில் மூன்று பகுதி. முதல் பகுதி "மேல்மாடி", அரசியல். அடுத்தது "மோட்டார் அறை", புதிதாக வந்த கருவிகளும் அவை மனிதரைப் படுத்தும் பாடும். கடைசி "குழியில் கிடைத்தவை". இணையத்தில் யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளில் அவர் கண்டெடுத்த சமாச்சாரங்கள். ஒரு ரயில் நிலையத்தில் தொலைந்த குடைகளைப் பற்றி, நிறம், பிடி, கிழிசல் உட்பட எழுதிவைக்கும் ஓய்வுபெற்ற சிப்பந்தியின் பக்கம். ஒரே பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சை எல்லாப் பருவத்திலும் படமெடுக்கும் ஒரு பெண். துணி துவைக்கும் இயந்திரங்கள் வேலை முடிந்ததும் பாடும் பாட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஒருவர்.

உடன் வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்களாம். "அரசியல் நிபுணர் வராரு, ஸ்பேனர எடுத்து ஒளிச்சு வை. சுவத்துல சாஞ்சுட்டுப் பேச ஆரம்பிச்சா லிஃப்ட் சாயங்காலம்தான் ஓடும்." இதை மகன்தான் எனக்குச் சொன்னான். மகனுக்குக் கணினி வேலை. அப்பாவைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்ந்துவிடும்.

அவர் பதிவுகள் சிலவற்றை மருமகள் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். எனக்குப் பிடித்தது கண்ணாடிக் கதை. அவர்கள் குடியிருப்பு லிஃப்டில் ஆபத்து மணி பழுது. இருக்கும் பணத்தில் மணியைச் சரிசெய்யலாம், அல்லது உள்ளே ஒரு பெரிய கண்ணாடி மாட்டலாம். குடியிருப்போர் கூடி ஓட்டுப் போட்டார்கள். இவர் மணிக்காகத் தொண்டை கிழியப் பேசினார். கண்ணாடி ஜெயித்தது. மறுநாள் இவரே ஏணியும் துளைபோடும் கருவியும் எடுத்துப் போய்க் கண்ணாடியை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்து எழுதினார்: "ஓட்டில் வந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்ட பிறகு திட்டலாம். இனி லிஃப்டில் சிக்கிக்கொள்பவர்கள் தலை சீவிக்கொண்டே காத்திருக்கலாம்." அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கிறது. தினமும் அதில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் மேலே வருகிறேன். மணி இன்னும் அடிப்பதில்லை.

நான் வந்த முதல் வாரம் உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் வந்து, "ஐயா, திரும்ப எதைச் செய்யணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார். இதைக் கேட்பது முறை. நடக்கணும் என்பார்கள், தானே கழிப்பறைக்குப் போகணும் என்பார்கள். இவர் இடது கையை நீட்டி, அலமாரியில் சார்ஜ் இல்லாமல் கிடந்த டேப்லெட்டைக் காட்டினார்.

"கதவு."

எழுத வேண்டும். அவ்வளவுதான். பொத்தான் போடுவது, ஸ்பூன் பிடிப்பது, துணி கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டி எடுப்பது, எல்லாம் அதற்காகத்தான் செய்தார். விரல் பழக வேண்டும் என்று எழுத்துப் பலகையை ஒரு அட்டையில் பெரிதாக வரைந்து கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு அதை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பார். நினைக்கும் சொல் வரும்வரை விரலை அந்தரத்தில் நிறுத்திவைப்பார். வராவிட்டால் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிமிர்த்துவார்.

கீழே தெருமுனையில் மருந்துக்கடை. மாத்திரை வாங்கப் போன ஒரு நாள் கடைக்காரர் என் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க லிஃப்ட்காரர் வீட்டுலதான இருக்கீங்க, சிஸ்டர்? மனுஷன் இன்னைக்கு எழுதினதப் படிச்சீங்களா? ஓட்டுச் சாவடியையும் எஸ்கலேட்டரையும் ஒப்பிட்டு எழுதியிருக்காரு பாருங்க. சிரிச்சு சிரிச்சு ஒரு அம்மாவுக்கு மாத்திரைய மாத்திக் குடுக்கப் பார்த்தேன்."

"இன்னைக்கா?"

"தினமும்தான. ஒரு நாள் தவறாது. உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன், ஆனா எழுத்துல தெரியவே இல்ல. முன்னவிட நல்லா இருக்குன்னுதான் சொல்லணும்."

வீட்டு விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பதும் எங்கள் பாடத்தில் உண்டு. மாத்திரையை எண்ணி வாங்கிக்கொண்டு மேலே வந்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து, அட்டையில் "அரசு" என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து தேடுகிறார்.

மகனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. சொல்லக் காத்திருந்தவன் மாதிரி சொன்னான்.

"அப்பா இதுவரைக்கும் எழுதின எல்லாத்தையும் ஒரு புரோகிராமுக்குக் குடுத்தேன் சிஸ்டர். அது அவர் மாதிரியே எழுதுது. காலைல செய்தியப் பார்த்துட்டு அதுவே எழுதி அதுவே போட்டுடும். பக்கம் நின்னு போனா ஜனங்க மறந்துடுவாங்க. இத்தனை வருஷம் கட்டினது. அவர் எழுந்து வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதில்ல?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன்."

"பொத்தான நீங்க போட்டுவிட்டுட்டீங்க," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. புரிந்தபோது, "அவர் கஷ்டப்படறதப் பார்க்க முடியல சிஸ்டர்," என்றான். அதுவும் உண்மைதான். பொத்தான் போட்டுவிடும் எல்லாரும் சொல்வது அதுதான், யாரும் பொய் சொல்வதில்லை.

அன்று சாயங்காலமே காட்டிவிட்டான். டேப்லெட்டைச் சார்ஜ் செய்து, அவர் மடியில் தலையணை வைத்து, அதன்மேல் நிறுத்தினான். "படிங்கப்பா." மருமகள் கதவோரம் நின்றாள். நான் கால் பக்கம்.

அவர் படித்தார். முதல் பதிவில் ஓரிடத்தில் சிரித்தார். அவர் சிரிப்பு இப்போது இடது பக்கம் மட்டும்தான் வரும். மகன் எங்களைத் திரும்பிப் பார்த்தான், பார்த்தீர்களா என்று. அவர் அடுத்ததைப் படித்தார், அதற்கடுத்ததை. பிறகு விரலால் மேலே தள்ளித் தேதிகளைப் பார்த்தார். அவர் மூக்கில் குழாயோடு கிடந்த நாட்களின் தேதிகள். சிரிப்பு நின்றது.

"குழியில் கிடைத்தவை" பகுதிக்குப் போனார். ஏதோ ஒரு மலையூரில் நின்றுபோன கடிகாரங்களை மட்டும் பழுது பார்க்காமல் சேர்த்துவைத்திருக்கும் கிழவர் ஒருவரின் பக்கம் என்று அழகாக எழுதியிருந்தது. கீழே அதற்கு இணைப்பும் கொடுத்திருந்தது. இடது ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினார். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. முந்திய நாளுக்குப் போனார். அதுவும் இல்லை. அதற்கு முந்தியது இருந்தது, ஆனால் அது ஏதோ செருப்புக் கடை.

மகன் குனிந்து பார்த்தான். "சில சமயம் கற்பனையா சேர்த்துடும்பா. யாரும் அழுத்திப் பார்க்கல போலிருக்கு. ஒரு புகார்கூட வரல."

அதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. கண்டெடுத்த எதையும் கடைசி வரி வரை தானே படிக்காமல், முடிந்தால் அந்த ஆளுக்கு ஒரு வரி எழுதிக் கேட்காமல், அவர் போட்டதில்லை. குழிக்குள் இறங்காமல் குழியில் கிடைத்தது என்று சொல்லலாமா? குடைக்காரருக்கு வருஷாவருஷம் வாழ்த்து அனுப்புவாராம். இத்தனை காலம் இத்தனை பேர் படித்தார்கள், பாராட்டினார்கள். ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை. இயந்திரம் போட்டதை மட்டுமா அழுத்திப் பார்க்கவில்லை? அந்தக் கேள்வி அவர் முகத்தில் ஓடியது எனக்குத் தெரிந்தது. மகனுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"கதவு," என்றார். மெதுவாக. பிறகு டேப்லெட்டை விரலால் தட்டித் தன் நெஞ்சைத் தட்டினார். "கதவு. கதவு."

"நீங்களே எழுதணுமா? சரிப்பா. நிறுத்திடறேன்." நிறுத்திவிட்டான். அதில் அவன்மேல் குறை சொல்ல முடியாது.

அடுத்த நாள் காலையில் உட்கார்ந்தார். சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, முகம் துடைத்துக்கொண்டு, அலுவலகம் போகிறவர் மாதிரி. நான் முதுகுக்குத் தலையணை கொடுத்ததோடு சரி. மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மருமகள் எட்டிப் பார்த்து, "மாமா, தலையங்கம் முடிஞ்சுதா, சோறு அச்சுக்குப் போகணும்," என்றாள். இடது பக்கம் சிரித்தார். முடித்து, போட்டுவிட்டு, டேப்லெட்டை என்னிடம் நீட்டினார்.

"நான். கை இடது.
மேல்மாடி: தேர்தல். பலகை புதுசு. லிஃப்ட் பழசு.
மோட்டார் அறை: சொல் இல்ல.
குழியில்: நான்."

பக்கவாதத்துக்குப் பிறகு எழுதுபவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். சொற்கள் வரும், சொற்களைக் கோக்கும் நூல் வராது. பேச்சே போனவருக்கு இது பெரிய முன்னேற்றம். "நல்லா இருக்கு," என்றேன். வேலைக்காகச் சொல்லவில்லை. அன்று இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் பக்கம் பூட்டிக்கொண்டது. திறந்தால், "இந்தப் பக்கத்தின் உரிமையாளர் அல்லாதவர் நுழைந்திருப்பதாகப் பல புகார்கள் வந்துள்ளன" என்று ஒரு அறிவிப்பு. மகன் வேலையிலிருந்து வந்து என்னென்னவோ செய்து பார்த்தான். திறக்கவில்லை.

காரணம் எனக்கு மறுநாள் மருந்துக்கடையில் தெரிந்தது. கடைக்காரர் வெற்றி பெற்றவர் மாதிரி இருந்தார்.

"கேட்டீங்களா சிஸ்டர், எவனோ பொறுக்கி உள்ள புகுந்து கண்டபடி கிறுக்கியிருக்கான். பைத்தியம் உளறின மாதிரி. நாங்க வாசகருங்க எல்லாம் சேர்ந்துட்டோம். நான்தான் முதல் புகார். லிஃப்ட்காரர் பேர யாரும் தொடக் கூடாது, விடுவமா?"

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அது அவர் எழுதினது."

"எது?"

"நீங்க கிறுக்கல்னு சொன்னது. இடது கையால. காலை பூரா உக்காந்து."

அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். "அப்ப அதுக்கு முன்னாடி வந்தது?"

"இயந்திரம்."

யோசித்தார். நல்ல மனிதர்தான், முகம் வெளிறிவிட்டது. "ரெண்டும் தலைகீழால்ல இருக்கு," என்றார். எனக்கு வேறு வேலை இருந்தது, கிளம்பிவிட்டேன்.

பூட்டைத் திறக்க வழி ஒன்று சொல்லியிருந்தார்கள். உரிமையாளர் கேமராவைப் பார்க்க வேண்டும், திரையில் வரும் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முகமும் குரலும் பழையவற்றோடு ஒத்துப்போனால் திறக்கும். அவரை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஷேவ் செய்து, தலை வாரினேன். மகன் டேப்லெட்டைப் பிடித்தான். "இன்று வானிலை தெளிவாக இருக்கிறது" என்று திரையில் வந்தது.

அவர் வாயைத் திறந்து, மூடி, நெற்றி நரம்பு புடைக்க முயன்றார்.

"கதவு."

பொருந்தவில்லை. மீண்டும் முயலவும். முகத்தின் வலது பக்கம் தொங்கிப்போயிருந்ததால் முகமும் ஒத்துவரவில்லை. மறுபடி வாக்கியம் வந்தது, மறுபடி கதவு. நான் அவர் தோளைப் பிடித்துப் போதும் என்றேன். கொஞ்ச காலத்துக்கு முன்னால் அவர் ஒரு பதிவு எழுதியிருக்கிறார். பாத்திரம் தேய்த்து ரேகை அழிந்த ஒரு அம்மாவை ஓய்வூதிய அலுவலகத்து இயந்திரம் நீ நீயல்ல என்று திருப்பி அனுப்பியதைப் பற்றி. கடும் கோபத்தோடு எழுதியது. அன்று அவருக்கு இந்தப் பக்கம் ஒன்று இருந்தது, கோபத்தைப் போட்டுவைக்க.

நிறுவனத்துக்கு மருத்துவச் சான்றோடு எழுதினான் மகன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம், கேமராவைப் பார்த்து வாக்கியத்தைப் படிக்கவும். எழுதியது ஆள் அல்ல என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் மகன் ஒன்று செய்தான். அப்பா பணி ஓய்வு பெற்ற அன்று பேசிய வீடியோ அவனிடம் இருந்தது. அதிலிருந்து முகத்தையும் குரலையும் எடுத்து, இன்று வானிலை தெளிவாக இருக்கிறது என்று சொல்லவைத்தான். நல்ல கணீர்க் குரல். நான் அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது முடிவதற்குள் திரையில் பச்சை அடையாளம் வந்துவிட்டது. "நன்றி. நீங்கள்தான் என்று உறுதி செய்துவிட்டோம்."

"திறந்துடுச்சுப்பா," என்று மகன் திரும்பினான். சந்தோஷத்தில் அவன் கண் கலங்கியிருந்தது. அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, தன் குரல் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் உண்மையை எழுதிப் போட்டான். அப்பாவுக்குப் பக்கவாதம், நடுவில் வந்தவை இயந்திரம் எழுதியவை, இடது கைப் பதிவுதான் அவருடையது, இனி அவரே சிறுகச் சிறுக எழுதுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றாகவே எழுதியிருந்தான். ஒருவரும் கோபப்படவில்லை. அன்பான பதில்கள் குவிந்தன. மருமகள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். ஐயா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐயா சிரமப்பட வேண்டாம். மகன் செய்த ஏற்பாடு அருமையாக இருந்தது, அதையே தொடரலாமே. எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

யாரோ ஒரு வாசகர் அடியில் ஒரு வாக்கெடுப்பு வைத்தார். ஐயா ஓய்வெடுக்கட்டும், பக்கம் பழையபடி வரட்டும் என்று ஒன்று. ஐயாவே எழுதட்டும் என்று இன்னொன்று. மறுநாள் சாயங்காலம் வரை அவகாசம்.

அந்த நாள் முழுவதும் டேப்லெட் அவர் மடியில்தான் இருந்தது. சாப்பிடும்போதும். நான் கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கும்போது, அவர் இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்து அழுத்துவதைப் பார்த்தேன். ஒரு ஓட்டு கூடியது. முதல் கட்டத்தில் அதற்குள் பல ஓட்டுகள் கூடிவிட்டன.

மருந்துக்கடைக்காரர் மேலே வந்தார். அந்த வீட்டுப் படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. கையில் பழம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சுடுங்க சார். தெரியாமப் புகார் குடுத்துட்டேன்."

அவர் தலையாட்டினார். இடது கையால் கடைக்காரர் முழங்காலைத் தட்டினார், பரவாயில்லை என்று. பிறகு டேப்லெட்டை அவர் பக்கம் திருப்பி, வாக்கெடுப்பைக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். நீ எதற்குப் போட்டாய்?

கடைக்காரர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "நீங்க கஷ்டப்படக் கூடாதேன்னுதான் சார்," என்றார். "காலைல கடை திறந்ததும் ஒரு பக்கம் படிச்சுப் பழகிட்டேன். அது இல்லாம கை ஓட மாட்டேங்குது."

"கதவு," என்றார் லிஃப்ட்காரர். கோபமில்லை. உபசாரமாகத்தான் சொன்னார். கடைக்காரர் அதை வெளியே போகச் சொல்வதாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மருமகள் பின்னாலேயே ஓடி விளக்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் முடிவு வந்தது. முதல் கட்டம் எங்கோ மேலே இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் பேர். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் இந்த அறை போதும்.

"இது என்னப்பா பெரிய ஓட்டு," என்றான் மகன். "எவனோ வச்சது. நான் அழிச்சுடறேன். உங்க பக்கம், நீங்க எழுதுங்க. படிக்கிறவன் படிக்கட்டும்."

அவர் மகனின் கையைத் தள்ளினார். பிறகு திரையின் மூலையைக் காட்டினார், அந்தப் புரோகிராமை அவன் நிறுத்திவைத்திருந்த இடத்தை.

"வேணாம்பா."

"கதவு."

"அப்பா, சொன்னாக் கேளுங்க. யாரும் உங்களை விரட்டல."

"கதவு."

மருமகள் சுவரைப் பார்த்தாள். லிஃப்ட் கண்ணாடி அவளுக்கு நினைவு வந்திருக்கும், எனக்கு வந்தது. தோற்றவரே ஏணி எடுத்துப் போய் மாட்டிக் கொடுத்த கண்ணாடி. ஒத்துக்கொண்ட பிறகு திட்டலாம் என்று அன்று எழுதினார். இனி எங்கே போய்த் திட்டுவார் என்று எனக்குத் தோன்றியது.

மகன் அந்த இடத்தைத் திறந்து காட்டினான். ஒரு சின்ன வட்டம், இடமிருந்து வலம் தள்ள வேண்டும். அவர் இடது கட்டைவிரலை வைத்துத் தள்ளினார். முதல் தடவையிலேயே நகர்ந்தது. அத்தனை வாரப் பயிற்சிக்குப் பிறகு விரல் அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது அன்றுதான்.

மறுநாள் காலை நான் வந்தபோது பதிவு வந்துவிட்டிருந்தது. மேல்மாடி, மோட்டார் அறை, குழியில் கிடைத்தவை, எல்லாம் சரியாக. எங்கோ பூட்டிய கதவுகளின் சத்தங்களைச் சேர்க்கும் ஒருவரைக் கண்டெடுத்திருந்தது. கீழே வாசகர்கள் வரவேற்றிருந்தார்கள். மகன் வேலைக்குப் போயிருந்தான். எழுத்துப் பலகை வரைந்த அட்டை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தது. எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தேன். அவர் பார்க்கவில்லை.

முகம் துடைத்து, பல் துலக்கவைத்து, மாத்திரை கொடுத்தேன். வலது கைவிரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தேன். சட்டையை மாட்டிவிட்டு வழக்கம்போல எதிர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டு மடிக்கத் தொடங்கினேன். எல்லாத் துண்டும் மடித்தாகிவிட்டது. சட்டை திறந்தே இருந்தது. இடது கை மடியில், வலது கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

"சட்டை," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கதவுகூடச் சொல்லவில்லை.

ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டேன். கடைசிப் பொத்தானை மட்டும் ஓட்டையில் பாதி நுழைத்து விட்டுவைத்தேன். அதுவும் பாடத்தில் உண்டு, முடிக்கும் வேலையை அவருக்கு விடு என்று.

சாப்பாடு கொண்டுவந்தபோது அது வெளியே வழுக்கி வந்திருந்தது. தட்டை வைத்துவிட்டு அதையும் நானே போட்டேன்.